மூன்று வாரம் வாய் திறக்கக் கூடாது

எங்கள் வீட்டுத் தொலைபேசி சமையலறையில்தான் இருக்கிறது. யார் சமைக்கிறாரோ அவர்தான் எடுத்துப் பேசுவார். அன்று நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

புது ஆல்பத்தைப் பற்றி எழுதத்தானே பத்திரிகையிலிருந்து வந்தீர்கள். அதற்குள் அந்தத் தொலைபேசியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் என் தம்பி லெமுவல் வாய் திறந்திருக்கிறான். டிரம்ஸ் வாசிப்பவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பரவாயில்லை, நானே சொல்கிறேன். அவனைவிடச் சுத்தமாகச் சொல்வேன்.

டேடன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் தெருவுக்கு நாலு ஃபங்க் இசைக்குழு உண்டு. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த மூவர் நாங்கள் மட்டும்தான். நான் பேஸ் கிதார். லெமுவல் டிரம்ஸ். தங்கை ரூதெல் பாடுவாள். ஜனங்கள் ஆடுவது எங்கள் இருவரின் வாசிப்புக்கு, வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது அவளுடைய பாட்டை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஜனவரியில் பதிவு தொடங்கினோம். நாலு பாட்டு பாக்கி இருந்தபோது ரூதெல் வேனில் வைத்துச் சொன்னாள்.

"இந்த ஆல்பம் முடிஞ்சதும் நான் லாஸ் ஏஞ்சல்ஸ் போறேண்ணே. தனியாப் பாடக் கூப்பிடுறாங்க."

"தனியாவா? உனக்கு யாரு பேஸ் வாசிப்பா?"

"அங்க பேஸ் வாசிக்க ஆளே இல்லாம எல்லாரும் உன்னைத்தான் தேடிட்டு இருக்காங்க பாரு," என்றான் லெமுவல். மூவரும் சிரித்தோம். நானும்தான்.

மறுவாரம் அவளுக்குத் தொண்டை வலி. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். அவர் அழைத்தபோதுதான் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். குரல் நாணில் ரத்தக் குழாய் கசிகிறது, மூன்று வாரம் அவள் பேசக்கூடக் கூடாது, பாடினால் பிறகு குரல் திரும்பாது, உடனே சொல்லிவிடுங்கள் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டு மீனைப் புரட்டினேன். கருகவிடவில்லை.

"டாக்டர் கூப்பிட்டாராண்ணே?"

"கூப்பிட்டாரு. வெறும் சளியாம். தேன் குடிக்கச் சொன்னாரு."

தேனை நானேதான் வெந்நீரில் கலந்து கொடுத்தேன்.

மூன்று வாரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குரல் தேறியிருக்கும். நாலு பாட்டையும் பாடி முடித்து விமானம் ஏறியிருப்பாள். ஏழு வயதிலிருந்து என் பேஸுக்குப் பாடப் பழகிய குரல் அது. அதை நான் வளர்த்தேன். எவனோ வந்து பறித்துப் போக நான் என்ன தோட்டக்காரனா?

வழக்கமாக ஒரு பாட்டை மூன்று தடவை பாடவைப்பேன். அந்த வாரம் இருபது தடவை.

"கரகரங்குதுண்ணே. போதும்."

"நல்லா வருது ரூதி. இன்னும் ஒரே தடவ."

என் காதை அவள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கடைசிப் பாட்டில், உச்சத்துக்கு ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தாள். இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதிவு செய்பவரிடம் சொன்னேன். இப்போது வானொலியில் ஓயாமல் போடுகிறார்களே, அந்தப் பாட்டுதான். கேட்பவர்கள் காரை ஓரங்கட்டிவிட்டு அழுகிறார்களாம். என் காது பொய் சொல்லவில்லை.

மறுநாள் அவளுக்குக் குரலே எழவில்லை. டாக்டரிடம் ஓடினாள். தொலைபேசி விஷயம் அங்கே தெரிந்துவிட்டது. லெமுவல் என் சட்டையைப் பிடித்தான், இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை, பிறகு வந்தான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், என் பெயரையும் போடுங்கள். எனக்கு வெட்கமில்லை. வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளிவருகிறது. ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதனால் மேடையில் மூவரும் நிற்போம். அவள் குரல் ஒலிநாடாவில் ஓடும், கையில் கஞ்சிரா இருக்கும். ஆக, குடும்பம் உடையவில்லை.

பாட்டு இனி வராது என்கிறார் டாக்டர். பேச்சு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. லெமுவலோடு அவள் பேசிச் சிரிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. என்னிடம் மட்டும் எதுவானாலும் தாளில் எழுதித்தான் காட்டுகிறாள். எனக்குப் புரிகிறது. அடுத்த ஆல்பத்துக்காகத் தொண்டையைச் சேமிக்கிறாள்.