நகமுரா சான் வணங்கி முடியும்வரை

ஜப்பான்காரரோடு வேலை செய்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது, ஒபிசர். ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. நீங்களும் காலையிலிருந்து என்னோடு பண்பாகத்தான் கதைக்கிறீர்கள். மொழிபெயர்க்கிற தங்கச்சிக்கும் நன்றி. எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் பிசகாமல் வரும்.

என் கம்பனி டோக்கியோவில். நான் இங்கே பென்டில் ஹில்லில், வீட்டின் பின்னறையில். ஜப்பானுக்கு ஒரு கிழமை பயிற்சிக்குப் போனதோடு சரி. ஆனால் என் மேலாளர் நகமுரா சானைவிட நான்தான் பெரிய ஜப்பான்காரன். போனில் கதைக்கும்போதுகூடக் குனிவேன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் விபூதி வாங்கும்போது இடுப்புவரை வளைந்தேன். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு நாரி பிடிச்சிட்டுதோ, நிமிர ஏலாதோ எண்டு ஐயர் கேக்கிறார்" என்றாள் மனைவி தர்சினி. அன்றும் நான் திருந்தவில்லை.

எங்கள் கூட்டங்களுக்கு ஒரு முறை உண்டு. பெரியவர் யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் யாரும் குறுக்கே வாய் திறப்பதில்லை. முடிவில் எல்லோரும் திரையைப் பார்த்துத் தலை வணங்குவோம். நகமுரா சான் வணங்கி இணைப்பைத் துண்டிக்கும்வரை ஒருவரும் அசைவதில்லை. ஒசாகாவில் இருக்கும் சக ஊழியரின் பூனை ஒருமுறை திரையில் நடந்துபோனது, எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு அது செல்லும். நான் பென்டில் ஹில்காரன், எனக்குச் செல்லாது என்று நினைத்தேன்.

மாமா இரத்தினசிங்கம், தர்சினியின் அப்பா, எங்களோடுதான் இருந்தார். தங்கமான மனிதர். தர்சினி ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபின் நான் தனியே இருப்பதை அவரால் பார்க்க முடியாது. இடுப்பில் கட்டிய சாரத்தோடு, மேலுக்குச் சட்டை இல்லாமல், தேத்தண்ணியோடு வந்து பின்னால் நிற்பார். "தம்பி, இந்தச் சனம் ஏன் ஒண்டும் கதைக்காம இருக்குது? நெட் நிண்டிட்டுதோ?" என்பார். நகமுரா சான் புன்னகைத்து அவரை நலம் விசாரித்தார். அந்தப் புன்னகையில் என் மானம் கப்பலேறிவிட்டது.

அதனால்தான் ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாமாவின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் பொருத்தினேன். கூட்ட நேரத்தில் மட்டும் போடுவேன். உள்ளே பார்க்க ரிவி, குடிக்கத் தண்ணீர், பிஸ்கட் எல்லாம் வைத்தேன். அவருடைய நெஞ்சு வருத்தத்துக்கான மருந்துக் குளிசை மட்டும் வழக்கம்போலக் குசினி அலுமாரியில் இருந்தது. தர்சினியிடம் சொல்லவில்லை. அவள் எதையும் பெரிதாக எடுப்பாள்.

அன்று நான்தான் புதிய திட்டத்தை விளக்கினேன். விளக்கி முடித்தேன், நகமுரா சான் யோசிக்கத் தொடங்கினார். அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. "தம்பி, கதவைத் திறவுங்கோ. நெஞ்சுக்க நோகுது."

கேட்டது, ஒபிசர். நெஞ்சு என்ற சொல் தெளிவாகவே கேட்டது. டோக்கியோவுக்குக் கேட்டுவிடுமே என்று மைக்கை அணைத்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாமல் தலையாட்டினேன். அதற்குள் ஒசாகாக்காரர், வாசலில் பார்சல் வந்திருக்கிறது என்று எழும்பிப் போய்விட்டார். எவ்வளவு பண்பில்லாத ஆள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்தது. எல்லோரும் வணங்கினோம். நகமுரா சான் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் எழுந்தேன். தாழ்ப்பாளை நீக்கியும் கதவு திறக்கவில்லை, மாமா அதில் சாய்ந்து கிடந்தார். தள்ளித் திறந்து பார்த்தேன், மூச்சு இல்லை. முதலில் தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆணி ஓட்டைகளைப் பூசி, பெயின்ற் அடித்தேன். பிறகு அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். அந்தப் பூச்சை நீங்கள் கண்டுபிடித்தது கெட்டித்தனம்தான், நான் நன்றாகத்தான் பூசியிருந்தேன்.

நகமுரா சான் கேள்விப்பட்டு அழைத்தார். எழும்பிப் போயிருக்கலாமே, நாங்கள் காத்திருந்திருப்போமே என்று அழுதார். பண்புக்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

தர்சினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா உங்களைக் கூப்பிட்டவரோ?" இல்லை என்றேன். முதலில் உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன், அதைத் திருத்தி எழுதுங்கள். ஓம், கூப்பிட்டவர். நான்தான் பூட்டினேன், கேட்டுக்கொண்டே இருந்தேன், திறக்கவில்லை. ஆனால் மாமாவைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிய முன்னமே அவர் தட்டுவதைத் தானாக நிறுத்திவிட்டார். கடைசியில் அவருக்கும் முறை விளங்கிவிட்டதே என்று, எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.