சார் ரூமுல அடிக்கிற வெயிலு

குந்தறதுக்கெல்லாம் நேரமில்ல சீனு. டீய குடு, நின்னுகினே குடிச்சிடறேன். உங்க சார் மத்தியான வெயிலு டிகிரி பாக்கறதுக்குள்ள ஒரு காரியம் ஆவணும். அத நீதான் செய்யணும். ஆபீசு கேன்டீன்காரன் நீ, எந்த ரூமுக்குள்ள வேணும்னாலும் பூந்து வரலாம். இந்த கியாசுதீன அப்பிடியா வுடுவாங்க? வுட்டாங்க, வுட்டு உடனே வெளிய தள்ளிட்டாங்க.

இன்னா காரியமா? வேற இன்னா, கரண்டு காரியம்தான். சதுரங்கப்பட்டினத்துல ஐஸ் பாக்டரி வெச்சிகினு இந்த கரண்டு ஆபீசு படி வேற எதுக்கு ஏறப்போறேன், உங்க சார் மூஞ்சியப் பாக்கவா?

சிரிக்காத. நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. அப்ப நீ திருக்கழுக்குன்றத்துல கட போட்டுகினு இருந்தே. பங்குனி பொறந்தா போதும், மத்தியானத்துல எங்க லைன்ல பாதி கரண்ட புடுங்கிடுவாங்க. ஐஸு பாதி ஒறஞ்சி பாதி தண்ணியா நிக்கும். கரைக்கு வந்த எறா கூடையோட நாறும். மீன்காரங்க எங்கம்மால ஆரம்பிச்சி திட்டுவாங்க. சாராண்ட ஓடியாந்தேன். படிச்சவரு, பொறுமையா பாடம் நடத்தினாரு. கம்பி வெயில்ல காயுமாம், உள்ள ஓடற கரண்டாலயும் காயுமாம். ரெண்டும் சேந்தா நீண்டு தொங்குமாம், எதுலனா பட்டா ஆளே தீஞ்சிடுவானாம். அதனால வெயிலு அளவு தாண்டினா கரண்ட கொறைக்கணும்னு ரூலு.

கரெக்டுதான் சார், ஆனா எங்க பக்கம் கடல் காத்து பிச்சிகினு அடிக்குதே, காத்து பட்டா கம்பி ஆறாதான்னு கேட்டேன். ஆறும்யா, ஆனா ரூல்ல காத்துக்கு எடமில்லன்னாரு. சரி, நீங்க எங்கூரு வெயில எங்க அளந்து பாத்தீங்கன்னு கேட்டேன். இட்டுனு போயி காட்டினாரு பாரு! சைக்கிள் ஷெட்டு தகரத்துல மாட்டி கீது தெர்மாமீட்டரு. சைக்கிள் ஷெட்டுக்கு ஜுரம் பாத்துட்டு கடலோரக் கம்பிக்கு மருந்து குடுத்துகினு இருந்திருக்காங்க நைனா!

வுடுவேனா? மனு மேல மனுவா போட்டேன். எடம் மாத்த மெட்ராசுலேந்து உத்தரவு வரணும்னாங்க. செருப்பு தேய நடந்தேன், கடைசில வந்திச்சி. எங்க மாத்தினாங்க, சதுரங்கப்பட்டினத்துக்கா? அய்ய! வெயில்ல வெச்சா கவர்மெண்டு சாமான் கெட்டுடுமாம். சார் ரூமுலயே, பேனுக்குக் கீழ, வெட்டிவேர் தட்டிக்குப் பக்கத்துல மாட்டிட்டாங்க. பியூன் செல்வராஜு அந்தத் தட்டிக்கு வேளா வேளைக்கு தண்ணி அடிக்கறான். வெளிய ரோட்டுல தாரு இளகுது, உள்ள தெர்மாமீட்டர்ல மார்கழி மாசம்! எங்களுக்கு கரண்டு கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சி. நான் வாயத் தொறப்பேனா? அல்லா குடுத்தான்னு ஐஸா தள்ளினேன். கல்பாக்கத்துக்குக் குடி வந்தாங்களே ஆபீசருங்க, அவங்க வூட்டு விசேஷத்துக்கெல்லாம் என் ஐஸுதான்.

இன்னொரு டீயா? வேணாம்பா.

இன்னமும் கரண்டு வேணும்னு கேக்க வந்திருக்கேன்னு நெனைச்சிகினியா? சாரும் அப்பிடித்தான் நெனைச்சாரு. கொறைங்கன்னு சொல்ல வந்தேன் சீனு. காலைலேந்து கடல் காத்து செத்துப்போச்சி. ஒரு எல ஆடல. வெயிலு கொளுத்துது, கம்பில கரண்டு முழுசா ஓடுது. கரைக்குப் போற மணல் மேட்டுப் பாதைக்கு மேல கம்பி எறங்கிகினே வருது. நான் கெளம்பும்போது சவுக்குக்கட்ட ஏத்தின வண்டி ஒண்ணு மயிரிழைல தப்பிச்சிது. என் மெஷின நிறுத்திட்டேன், ஐஸு போனா போவட்டும். ஆனா அதே கம்பில நெல்லு மில்லு, பம்பு செட்டுன்னு எல்லாம் இஸ்துகினு கீதே. எங்கூரு லைன்மேனு, மேலேந்து ஆர்டரு வராம கை வெக்கமாட்டேங்கறான்.

சார் கால்ல வுழாத கொறதான். அவரு திரும்பி தெர்மாமீட்டரப் பாத்தாரு. அளவுக்குள்ளதானய்யா இருக்கு, கொறைக்க ரூல்ல எடமில்ல, நீதானே பாய் கரண்டு கரண்டுன்னு மனு போட்டேன்னாரு. சொல்லிட்டு செல்வராஜ கூப்ட்டு, தட்டி காஞ்சிடுச்சி, தண்ணி அடின்னாரு. அடப் பாவி மனுசா!

அதான் உன்னாண்ட வந்தேன். சாருக்கு டீன்னு சொல்லி கெட்டில கொதிக்கக் கொதிக்க எடுத்துனு போ. தெர்மாமீட்டருக்கு நேர் கீழ ஒரு பீரோ கீதுல்ல, அதும்மேல வெய்யி. மூடிய தொறந்து வெச்சிடு. சார் டிகிரி பாக்கற வரைக்கும் எடுத்துடாத. அளவு தாண்டினா அவரே கொறைப்பாரு, ரூலு தப்பாத மனுசன்.

இன்னா யோசிக்கற? டீ கொண்டுபோறது உன் வேலதானே, யாரு உன்ன இன்னா கேக்கப்போறாங்க? கெளம்பு நைனா. அங்க வண்டிங்கள நிறுத்தறதுக்கு ஒருத்தனும் வரல. எங்கூட்டுக்காரி ஷஹர்பானுதான் அந்தக் கம்பிக்குக் கீழ நின்னுகினு, கைய ஆட்டி ஆட்டி வர்ற வண்டியெல்லாம் திருப்பி வுட்டுகினு கீறா. நான் வர்ற வரைக்கும் நகரமாட்டேன்னுட்டா. அவ என்ன மாதிரி இல்ல சீனு, நல்ல ஒசரம்.