இரண்டு பெண்கள், ஒரு கோப்பு

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது, சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் நேரத்தைச் சரிபார்ப்பது எனக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் சீட்டு அச்சடிக்கும் கவுண்டரில் சேர்ந்தேன். இன்று மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குத் தலைவி. கேட்க நன்றாக இருக்கிறது. அறைதான் மாறவில்லை. சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அடித்தளம். எல்லாம் ஓடும்வரை அங்கே நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பிரின்டர் நின்றால் போதும், பரம்பரையையே இழுப்பார்கள். அறுவைப் பிரிவின் பெரிய டாக்டர் ஒருநாள் லிஃப்டில் கேட்டார்: “என்ன கம்ப்யூட்டரம்மா, இன்னிக்கு யாரைச் சாகடிச்சீங்க?” ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு திரைக்கு வர ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தது, அவ்வளவுதான். லிஃப்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரட்டைப் பதிவு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். போன வருடம் கால் முறிந்து வந்தவர் இந்த வருடம் வயிற்றுவலி என்று வருவார். பழைய எண் மறந்திருக்கும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கவுண்டரில் இருப்பவர் புது எண் கொடுத்து அனுப்பிவிடுவார். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. அவற்றைத் தேடி ஒன்றாக்குவது எங்கள் வேலை. தரச்சான்று தரும் குழு வரும்போது இரட்டைப் பதிவு நூற்றுக்குள் இருக்க வேண்டும் என்றார் நிர்வாக இயக்குநர். எங்களிடம் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. “இதை முடிச்சுக் காட்டுங்க மேடம். நம்ம நிர்வாகத்தோட ஏழு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து நீங்கதான் தலைமை. மாடியில ரூம் ரெடி.”

வீட்டில் சொன்னேன். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, “அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

ஒவ்வொன்றாகப் பார்க்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஒரு விதி எழுதினேன். பெயர், பிறந்த வருடம், குடியிருக்கும் வட்டாரம் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். இரண்டு கோப்பிலும் தகவல் வேறுபட்டால் எது கடைசியாக எழுதப்பட்டதோ அது நிற்கும், பழையது மறையும். கூட்டத்தில் இதை யாரும் மறுக்கவில்லை. பிஸ்கட் தட்டு சுற்றி வருவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. ஒரே வாரத்தில் எண்ணிக்கை அறுபத்து மூன்றுக்கு இறங்கியது. கைதட்டினார்கள்.

குழு வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு நானே சும்மா ஒருமுறை சரிபார்த்தேன். நாற்பத்தொரு ஜோடி இடித்தது. ஒரே பெயர், ஒரே வயது, ஒரே வட்டாரம், ஆனால் ரத்த வகை வேறு. அதாவது ஆளே வேறு. அவற்றைப் பிரித்தால் எண்ணிக்கை நூற்று நான்காகும். பட்டியலை அச்செடுத்து மேசை டிராயரில் வைத்தேன். குழு போனதும் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இறந்த பெண்ணின் பெயரைச் சொல்லமாட்டேன். நோயாளியின் பெயரை வெளியே சொல்வது எங்கள் விதிப்படி குற்றம். அவருடைய பழைய கோப்பில் பென்சிலின் ஆகாது என்று சிவப்புப் பட்டையில் எழுதியிருந்தது. அவரோடு ஒன்றாக்கப்பட்ட இன்னொரு பெண்ணுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும். அவருடைய கோப்பு பிந்தியது, அது நின்றது. இவர் கடும் காய்ச்சலோடு வார்டுக்கு வந்தபோது திரையில் சிவப்பு இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெரிய சிஸ்டர் ஊசி போட்டாள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பெரிய சிஸ்டர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அவள் ‘அடியே’. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். மதியச் சாப்பாடு சேர்ந்துதான்.

செய்தி கேட்டதும் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். நாற்பத்தொரு ஜோடியையும் பிரித்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. உண்மை எதுவோ அது கோப்பில் இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெண்ணின் கோப்பில் சிவப்புப் பட்டை திரும்பி வந்தது. பிரித்ததற்கான குறிப்பை வழக்கமான பராமரிப்புப் பணிகளின் குறிப்புகளோடு போட்டு வைத்தேன்.

மறுநாள் மருத்துவமனையின் விசாரணைக் குழு அந்தக் கோப்பைத் திறந்தது. பளிச்சென்று சிவப்பு. கண் முன்னே இருந்த எச்சரிக்கையைப் பார்க்காமல் ஊசி போட்டாள் என்று எழுதினார்கள். தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: “சத்தியமா சொல்றேன்டி, நான் பார்க்கறப்ப அது இல்ல. நீயாவது சொல்லேன்.”

“தூங்கி எத்தனை நாளாச்சு உனக்கு?” என்று கேட்டேன். அன்பாகத்தான் கேட்டேன்.

அவள் கையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். “அப்படியும் இருக்குமோ?” என்றாள். இப்போது உங்கள் காவலில் இருக்கிறாள். அவளுடைய மகள் எனக்குத் தினமும் போன் செய்கிறாள். “ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல ஏதாவது தெரியுமா ஆன்ட்டி?” பார்க்கிறேன்மா என்கிறேன். தரச்சான்றுக் குழு சான்றிதழ் கொடுத்துவிட்டது. நானும் மாடிக்குப் போய்விட்டேன்.

ஊசி போடுவதற்கு முன் பெரிய சிஸ்டர் எனக்குப் போன் செய்தாளா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். செய்தாள். மூன்று பன்னிரண்டுக்கு. தரச்சான்றுக் குழுவினர் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், நான் கீழே என் அறையில் இருந்தேன்.

“அடியே, இந்தம்மா ஏதோ ஒரு ஊசி ஆகாதுங்குது. எந்த ஊசின்னு சொல்லத் தெரியல. ‘இங்கதான எழுதி வச்சிருக்கீங்க, பாருங்க’ன்னு காய்ச்சல்லயும் அடம் புடிக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல. உள்ள பழசு ஏதாவது கிடக்கா?”

எண்ணைக் கேட்டேன். டிராயரைத் திறந்து பட்டியலை எடுத்தேன். பதினேழாவது வரியில் இருந்தது.

சார், அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள். இருக்கிறது என்று நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். மற்ற நாற்பதும் வெளியே வரும். மேலே குழு உட்கார்ந்திருக்கிறது. “இருந்தா தெரியாதா?” என்றேன். “திரையில என்ன இருக்கோ, அதுதான்.”

“நீ சொன்னா சரி” என்று வைத்துவிட்டாள்.

போன் அழைப்புகளும் எங்கள் பிரிவில்தான் பதிவாகும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். நகல் எடுக்காமல் நாங்கள் எதையும் அழிப்பதில்லை. இந்த உறையில் இருக்கிறது. பட்டியலும் இருக்கிறது. இவை போதும், அவளை விட்டுவிடுவீர்கள். விடுங்கள்.

ஆனால் அவளுக்காக வந்தேன் என்று எழுத வேண்டாம், அது பொய்யாகிவிடும். நேற்று அவளுடைய வக்கீல் பேட்டி கொடுத்ததைப் பார்த்தேன். சிஸ்டத்தில் கோளாறாம், அதை நம்பி மனித உயிரை ஒப்படைத்தது தப்பாம். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அது ஒரு நாளும் தவறு செய்ததில்லை சார். சேர்க்கச் சொன்னேன், சேர்த்தது. மறைக்கச் சொன்னேன், மறைத்தது. இப்போது ஒரு பாவமும் அறியாததன் மேல் பழி விழுகிறது. வாயில்லாதது அது. அதற்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?