செல்லசாமியின் முகம்

என் படங்களில் எது மேல், எது கீழ் என்று என் அக்கா ஐவிக்கு இன்றுவரை தெரியாது. லண்டனிலிருந்து நான் அனுப்பிய ஒன்றைத் தலைகீழாகத்தான் மாட்டி வைத்திருக்கிறார். நானும் திருத்தவில்லை. அப்படியும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வந்து, என் படங்களில் ஏன் மனிதர்களே இல்லை என்று கேட்கிறீர்கள். மலைநாட்டுப் பனிமூட்டத்தை நான் வரைவதாக லண்டன் பத்திரிகைகள் எழுதின. பனிமூட்டமெல்லாம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பெயர் எழுதுவது என் வேலை. மிச்ச நேரத்தில் முகங்களை வரைவேன். எங்கள் வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த செல்லசாமிதான் எனக்காக அசையாமல் உட்காருவான். அவனுடைய இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டும் அந்த முகத்தை என்னால் வரைய முடியும்.

ஐம்பதாம் வருடம் தோட்டத்தில் வேலைநிறுத்தம். ஃபேக்டரி வாசலில் கூட்டம் நெருக்கியடித்தபோது ஒரு கல் பறந்து வந்தது. உதவி மேனேஜரான சின்னத்துரை விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். எறிந்தவன் தலையில் சாக்கைப் போட்டிருந்தான். நான் பார்த்தது முதுகை மட்டும்தான்.

தோட்ட மேனேஜரான பெரியதுரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். ஓவியம் படிக்க லண்டன் போகவேண்டும் என்ற என் ஆசை அவருக்குத் தெரியும். "நீ கிட்ட நின்னே. அந்த மூஞ்சியை வரைஞ்சு குடு. மத்தது நான் பார்த்துக்கிறேன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேசையில் நல்ல காகிதம் இருந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஒரு முகம் வேண்டியிருந்தது. கைக்குப் பழகிய முகம் வந்தது. தழும்பையும் போட்டேன். போடாவிட்டால் வேலை அரைகுறையாக இருந்திருக்கும்.

யாருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்த பிறகு துரைக்கே அந்த முகத்தைக் கூட்டத்தில் கண்ட ஞாபகம் வந்துவிட்டது. கோர்ட்டில் அவரே சத்தியம் செய்தார். தோட்டத்து ஆட்களுக்கு லேசில் கிடைக்காத பிரஜாவுரிமையும் பாஸ்போர்ட்டும் அவர் சிபாரிசில் எனக்குக் கிடைத்தன. வழக்கு நடந்தபோது நான் கப்பலில் இருந்தேன். செல்லசாமியைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி லண்டனுக்கு வந்தது.

அதன்பின் நான் முகம் வரையவில்லை. இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தாலே கண்களாகிவிடும். உடனே அதன்மேல் வர்ணத்தை இழுத்து மூடுவேன். மூடி மூடி வந்தவைதான் நீங்கள் பார்த்த படங்கள். அவற்றுக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஊர் திரும்பினேன். கேள்விப்பட்டு, செல்லசாமியின் மனைவி பேச்சியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். அவனைப் பிடித்துப்போனபோது வயிற்றிலிருந்த பிள்ளை.

"கல்லு விழுந்த அன்னிக்குக் காலைல அவர டயகம பஸ்ஸுல ஏத்திவிட்டது நீங்கதானேண்ணே. எங்கம்மா வீட்டுல இருந்த என்னையப் பாக்கத்தான் வந்தாரு. சொன்னா ஒருத்தரும் நம்பல. நீங்க மட்டும் ஊருல இருந்திருந்தா சாட்சி சொல்லியிருப்பீங்க" என்றாள்.

தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். ஏற்றிவிட்டது நான்தான். பங்களாவில் வரைந்தபோதும் அது என் ஞாபகத்தில் இருந்தது.

"அவருக்கு ஒரு போட்டோகூட இல்லைங்க. இவளுக்கு அப்பன் மூஞ்சியக் காட்டணும். ஒண்ணு வரைஞ்சு குடுங்கண்ணே."

"மறந்துபோச்சு தங்கச்சி."

"தூர தேசம் போயிட்டீங்க, என்ன செய்யிறது. இவ அப்பன் சாடைன்னு எல்லாரும் சொல்றாங்க. நெசந்தானுங்களா?"

நான் நன்றாகப் பார்க்கட்டும் என்று அந்தப் பிள்ளை வெளிச்சத்துக்கு வந்து முகத்தை நிமிர்த்தி நின்றாள். நெற்றி, மூக்கு, தாடை, எல்லாம் அவன்தான்.

"இல்லை, உன் சாடைதான்" என்று பேச்சியம்மாவிடம் சொன்னேன். பிள்ளையின் முகம் வாடிப்போனது.

தூக்கில் தொங்கியவனின் சாடை ஒரு பெண்பிள்ளைக்கு எதற்கு? அவளுடைய நல்லதுக்காகத்தான் சொன்னேன்.