பாத்திரம் கழுவும் மெஷினின் முதுகில் இருந்த கல்

என் பெயர் டெல்மர் பக்னர். தகப்பனார் பெயர் ஆசா பக்னர், காலமாகிவிட்டார். வயது எண்பத்தேழு. கென்டக்கிக் கரையில் படகுத்துறைச் சந்தில் குடியிருக்கிறேன். நிலக்கரிப் படகில் வேலை பார்த்து ஓய்ந்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டதற்கு நான் சொல்வது பின்வருமாறு.

ஒஹாயோ ஆறு கரைக்குக் கரை உறைந்து, ஜனங்கள் அக்கரைக்கு நடந்தே போய்வந்த குளிர்காலம் அது. எரிவாயு இல்லாமல் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். புது ஜனாதிபதி பதவியேற்றதும் அந்த மாதம்தான். என் பக்கத்து வீட்டில் ஹோபர்ட் ஸ்பர்லாக் என்பவர் வாடகைக்கு இருந்தார். என்னோடு ஒரே படகில் வேலை. மனைவி ஒலீட்டா, மகள் வில்டா. வில்டாவுக்கு அப்போது ஒன்பது வயது.

ஜனங்கள் ஆற்றின் மேல் நடந்த முதல் நாள் நானும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்போது ஹோபர்ட் என்னிடம் வந்து, "நேத்து அவ பொட்டியத் தூக்கிட்டுப் பனிமேலயே நடந்து போயிட்டாடா. டெட்ராய்ட்ல எவனோ இருக்கானாம்" என்றார். அதற்கு முன் பல நாட்களாகவே ஒலீட்டாவை யாரும் பார்க்கவில்லை. குளிருக்கு வீட்டுக்குள் இருக்கிறாள் என்று நினைத்திருந்தோம். ஊர் முழுக்க அவர் சொன்னதை நம்பியது. நானும் நம்பினேன்.

அதன் பிறகு வில்டா பால் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்று பாத்திரம் கழுவுவாள். கை இரண்டும் வெடித்திருந்தது. மார்ச் மாதம், மேட்டில் ஒரு பெரிய வீட்டை இடித்தபோது, அடுப்படி மேடைக்கு அடியில் பதித்திருந்த பழைய பாத்திரம் கழுவும் மெஷினை ஹோபர்ட் வாங்கி வந்தார். வாடகை வீட்டு மேடையை வெட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், அதை உருட்டிப் போகிற மாதிரி செய்ய என்னைக் கூப்பிட்டார். பக்கத்துக்கு ஒரு பலகை, அடியில் நாலு சக்கரம், மேலே மரப்பலகை, குழாயில் மாட்ட ரப்பர் குழாய், அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குப் போக இன்னொன்று, மூன்று முனைப் பிளக் என்று எல்லாம் சேர்ந்தே வைத்தோம்.

"பொண்டாட்டி போனதும் மெஷினக் கட்டிக்கிட்டியாடா?" என்று கேட்டேன். "இது ஓடிப்போகாது. குழாய் எட்டுற தூரம்தான் போகும்" என்றார். இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு வில்டா மெஷின் கதவைத் திறந்து, இரும்புச் சட்டி வைத்திருந்த தட்டை வெளியே இழுத்ததும் மெஷின் அப்படியே முன்பக்கம் சாய்ந்தது. நான் அவளைப் பின்னால் இழுத்துவிட்டேன். தட்டுகள் எல்லாம் உடைந்தன. மேடையோடு திருகி வைத்திருக்க வேண்டிய சாமான் அது. தனியாக நின்றால் முதுகில் பாரம் வேண்டும்.

உடனே ஹோபர்ட் கொட்டகைக்குப் போய், தீவனச் சாக்கில் சுற்றிய ஒரு கல்லைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். அது புருஷன் பெண்டாட்டி இருவருக்குமான கல்லறைக் கல். எங்கள் பக்கம் உயிரோடு இருக்கும்போதே வாங்கி, பெயரும் பிறந்த வருஷமும் வெட்டி, ஒரு கோடு போட்டு, செத்த தேதிக்கு இடம் விட்டு வைப்பது உண்டு. "டேய், இத ஏண்டா?" என்றேன். "எம் பக்கத்துல படுக்க அவ வரவா போறா? பிடிடா" என்றார். எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பி, இரும்புப் பட்டை போட்டு முடுக்கினோம். திருப்பும்போது சாக்கு நழுவியது. ஹோபர்ட் பக்கம் கோட்டுக்குப் பிறகு வெறும் கல். ஒலீட்டா பக்கம் கோட்டுக்கு இரண்டு புறமும் வெட்டியிருந்தது. அதில் கை பட்டதும் என் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போகும்போது, அம்மா பெயரில் ஒரு பூ வை என்று பெண்கள் சொன்னால் வில்டா, "எங்கம்மா செத்தா போனா? என்னை விட்டுட்டு ஓடில்ல போனா" என்பாள். ஹோபர்ட் அருகில் நின்று கேட்டிருக்கிறார். அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெஷினை வில்டாதான் பழுது பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். போன செவ்வாய்க்கிழமை குழாய் ஒழுகுகிறது என்று பின்பலகையைக் கழற்றியவள், பட்டையையும் கழற்றிக் கல்லைத் திருப்பியிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.

இன்று அந்தக் கல்லை என் முன் வைத்து அதிகாரி படித்தார். ஒலீட்டா இறந்தது அந்த வருஷம் ஜனவரி ஒன்பது என்று இருக்கிறதாம். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதையே படித்தார். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் படகில் இருந்தேன். உடம்பு சரியில்லை என்று ஹோபர்ட் வரவில்லை. ஆற்றில் பனிக்கட்டி மிதந்ததே தவிர ஆள் பாரம் தாங்காது. நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் யாரும் எங்கேயும் நடந்து போயிருக்க முடியாது.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் எனக்கு ஒன்றுமில்லை. கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டிருக்கிறேன். இது என் குறிதான் என்று சொல்ல, என்னைத் தெரிந்த ஒருவர் சாட்சி வேண்டும் என்கிறார்கள். படகில் இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சந்தில் இருந்தவர்களும் போய்விட்டார்கள். அன்று அந்த அடுப்படியில் இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் வில்டா ஸ்பர்லாக்.