பொண்ணுக்குப் பதினோரு வேட்டு

பதினாலு இல்லீங்க தம்பி, பதினொண்ணு. பக்கத்து வீட்டு பெரிஷா என்னைக்கு ஒழுங்கா எண்ணியிருக்கான்? எதிர்மலையில பட்டுத் திரும்பி வந்த சத்தத்தையும் சேத்து எண்ணிப் புகார் எழுதிக் குடுத்திருக்கான். நீங்க பதினொண்ணுன்னே போட்டுக்கோங்க. என் வீட்டு முற்றத்துல நின்னு, வானத்தப் பாத்து, காலைல ஒம்பது மணிக்குச் சுட்டேன். துப்பாக்கி அப்பாவோடது, வேட்டைக்கு லைசென்ஸ் இருக்கு. இதோ, உங்க மேசை மேலயே வச்சுட்டேன்.

காரணமா? அதான் சொன்னேனே, குழந்தை பொறந்திருக்கு.

அய்யோ, இருங்க இருங்க, உடனே கை குடுக்காதீங்க. பேனாவ மூடி வச்சுட்டு எந்திரிச்சே நின்னுட்டீங்களே! சரிதான், இந்த மாண்டினீக்ரோ மலையில பையன் பொறந்த வீட்டு வேட்டுக்கு எந்தப் போலீஸ்காரர் கேஸ் போட்டிருக்கார்? உங்களுக்கும் உங்கப்பா சுட்டிருப்பார். உக்காருங்க ராங்கோ தம்பி. பையன் இல்ல. பொண்ணு.

ம். பெரிஷாவோட புகாரே அதுதான். சுட்டது தப்புன்னு அவன் சொல்லவே இல்லியே. பொண்ணுக்குச் சுட்டது தப்புங்கறான். என்னைத்தான், பிளாகோட்டா ஊரையே ஏமாத்திட்டான்னு எழுதியிருக்கான் பாருங்க, ரெண்டாவது வரியில.

நான் யாரையும் ஏமாத்தலீங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸம்மா போன் போட்டாங்க. பொண்ணு, மூணு கிலோ நானூறு, ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்கன்னு. நான் போன வச்சேன், துப்பாக்கிய எடுத்தேன், சுட்டேன். அப்பா அப்பத்தான் ஷேவ் பண்ணிட்டிருந்தார். பாதி மூஞ்சி சோப்போட ஓடி வந்து என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறார். எழுபத்தெட்டு வயசு மனுஷன், எங்கம்மா செத்தப்பக்கூட அழுது நான் பாத்ததில்ல. நான் மறைச்சேனா? பொண்ணுப்பா, பொண்ணு நல்லாயிருக்குன்னு தெளிவாத்தான் சொன்னேன். அவர் என்னடான்னா மருமகளச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு, அவளுக்கென்னடா கேடு, அவ நல்லாத்தான் இருப்பாங்கறார். சோப்பு பூரா என் காதுல.

அதுக்குள்ள ஊரே மேட்டேறி வந்துருச்சு. வேட்டு கேட்டப்புறம் என்ன குழந்தைன்னு யாராவது கேப்பாங்களா? அதுக்குத்தானே வேட்டே! எனக்குப் பையன் பொறந்தாத்தான் தொறப்பேன்னு பதினாறு வருஷமாப் பூட்டி வச்சிருந்த பிளம் சாராயத்த அப்பா தொறந்துட்டார். பெரிஷா ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு வந்தான். நானும் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன், யார் காதுலயும் ஏறல. மத்தியானம் எல்லாரும் கறியில கைய வச்சாச்சு. பெரிஷா கிளாஸத் தூக்கிப் புடிச்சு, வம்சம் விளங்க வந்திருக்கிற சிங்கத்துக்கு என்ன பேருன்னான். நெவேனான்னு பொண்ணு பேரச் சொன்னேன்.

அவ்வளவுதான். வாயில வச்ச கறி வச்சபடி நிக்குது. எங்கப்பா சாராய பாட்டிலுக்கு மூடியத் தேடறார். பெரிஷா எந்திரிச்சு, என் ஆட்டுக்குட்டியத் திருப்பிக் குடுங்கறான். எந்தக் குட்டியடா? ஒரு தொடை உன் வயித்துலயே இருக்கேன்னேன். அதுல வந்த கோவம்தான் தம்பி இந்தப் புகார்.

போறப்ப எனக்குப் புத்தி வேற சொல்லிட்டுப் போறான். ஏன்டா, பத்து வாரத்துலயே ரத்தத்த எடுத்து ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லிடறானே, பாத்துத் தேவைப்பட்டத வச்சுக்கலாமில்ல, இந்தக் காலத்துலயும் வர்றதெல்லாம் பெத்துக்கிட்டிருக்கியேங்கறான். இதே பெரிஷா, மாடு கன்னு போடறப்ப தொழுவத்து வாசல்லயே நிப்பான். கிடேரின்னு சொல்லிட்டா வாயெல்லாம் பல்லு. காளைக்கன்னுன்னா ரெண்டு நாளைக்கு மூஞ்சிய உம்முனு வச்சிருப்பான். தொழுவத்துல பொண்ணு வேணும், தொட்டில்ல பையன் வேணும் அவனுக்கு.

என்ன, நீயும் அப்படித்தானே இருந்தங்கறீங்களா? இருந்தேன், இல்லேன்னு சொல்லலியே. இதுக்கு முன்ன மூணு பொண்ணு எனக்கு. எங்கப்பாகிட்டப் பேரப்பிள்ளை எத்தனன்னு கேட்டுப் பாருங்க. பிள்ளை ஒண்ணும் இல்ல, மூணு பொண்ணுதான்னுவார். மூணாவதுக்கு ஸ்டானான்னு, நில்லுங்கற அர்த்தத்துல, பேரு வச்சது அவர்தான். இதோட நில்லுன்னு சாமிக்குச் சொல்றாராம். அவ பாவம், யார் கூப்பிட்டாலும் அப்படியே நின்னுடறா.

நாங்க பண்ணாத கூத்தா? கட்டிலுக்கு அடியில கோடாலி வச்சாப் பையன் பொறக்கும்னார் அப்பா. வச்சோம். காலைல எந்திரிச்சப்ப அதுல இடிச்சு என் கால்ல மூணு தையல். என் பொண்டாட்டி மிலியானாவுக்கு உப்புக்கறியாக் குடுங்கன்னாங்க. அவளுக்கு எறங்கல, வீணாப் போகக் கூடாதேன்னு நானே தின்னேன், எனக்கு பிரஷர் வந்துருச்சு. அப்புறம் கட்டிலக் கெழக்கப் பாத்துத் திருப்பணும்னு எவனோ சொன்னான். திருப்பினா அறைக் கதவு தொறக்க வழியில்ல. ரெண்டு வாரம் நானும் பொண்டாட்டியும் ஜன்னல் வழியா ஏறி எறங்கினோம். பிள்ளைங்க மூணும் வரிசையா நின்னு கை தட்டுங்க.

சிரிங்க சிரிங்க. இந்தத் தடவ ஒண்ணும் பண்ணல. கோடாலி இல்ல, கட்டில் அது பாட்டுக்கு இருந்துச்சு. ரத்தம் குடுக்கக் கை நீட்ட மாட்டேன்னுட்டா மிலியானா. ஊசின்னாப் பயம்னு அப்பாகிட்ட சொல்லி வச்சோம்.

வேட்டு எதுக்குன்னுதானே கேக்கறீங்க? போன மாசம் ரெண்டு பேரும் துணி மடிச்சுக்கிட்டிருந்தப்ப மிலியானா ஒண்ணு சொன்னா தம்பி. மொதக் குழந்தை பொறந்தது ஜனவரியில, மூட்டுக்கு மேல பனி. பொறந்த கையோட நர்ஸம்மாவ ஜன்னலத் தொறக்கச் சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரி நம்ம மேட்டுக்கு நேர் கீழதானே, சுட்டாக் கேக்கும். பொண்ணுதான்னு அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மொதக் குழந்தை, ஒருவேளை சுடுவாரோன்னு இருந்தாளாம். குழந்தைக்குக் குளிரும்னு நர்ஸம்மா திட்டி மூடிட்டுப் போயிருக்காங்க. ரெண்டாவதுக்கும் தொறந்து வச்சாளாம். மூணாவதுக்குத் தொறக்கல. பதினாலு வருஷமா இத ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே தம்பி. கையில இருந்த சட்டைய மடிக்காம அப்படியே வச்சுட்டேன்.

அன்னைக்கு வேட்டு அடங்கி அஞ்சு நிமிஷத்துல அவகிட்டேர்ந்து போன். என்னங்க, நம்ம மேட்டுல யாருக்கோ பையன் பொறந்திருக்கு போல, பதினோரு வேட்டு, யாருக்குங்கன்னா. நமக்குத்தான்டி, பொண்ணுன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் அவ மூக்கு உறிஞ்சற சத்தம்தான். கடைசியில, குண்டு என்ன வெல விக்குது, அறிவிருக்கா உங்களுக்குன்னு திட்டினா.

என்ன, எழுத மாட்டேங்கறீங்க?

ஓநாயா! ஓநாய் வந்துச்சு, வெரட்டறதுக்குச் சுட்டான்னு எழுதிடலாங்கறீங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு, நெசமாத்தான் சொல்றேன். கேஸும் இருக்காது, துப்பாக்கியும் கைக்கு வந்துரும். பதினோரு குண்டுக்கும் விழாத ஓநாய் எதுய்யான்னு உங்க பெரிய ஆபீசர் கேக்காம இருந்தாச் சரி.

வேணாம் தம்பி. பொண்ணு பொறந்ததுக்குச் சுட்டான்னு எழுதுங்க. அபராதம் எவ்வளவுன்னாலும் கட்டறேன். துப்பாக்கி போனாப் போகட்டும். அப்பா பேச மாட்டார், இப்ப மட்டும் என்ன பேசறாரா? கதவத்தான் பேச விடறார், படார் படார்னு.

வீம்பெல்லாம் இல்லீங்க. உங்க பேப்பர்ல காரணம்னு போட்டு ஒரு கோடு இருக்குல்ல, அதே மாதிரி ஒண்ணு போன வருஷம் மார்ச்சுல நானே நெரப்பிக் குடுத்தேன். ஒரு ஆஸ்பத்திரியில. தாயோட உடம்பு சரியில்லன்னு எழுதினேன். மிலியானாவுக்கு ஒரு தும்மல்கூட இல்ல. ரத்தத்துல பொண்ணுன்னு வந்துச்சு, கலைக்க அதான் காரணம். ரெண்டு வார்த்தை போதும்னு அங்க இருந்தவர் சொன்னார், பேனாவும் அவரே குடுத்தார். அவ எதிர் பெஞ்சுல கோட்டுகூடக் கழட்டாம உக்காந்திருந்தா. நான் எழுதறதையே பாத்துக்கிட்டிருந்தா, வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. நானும் அவள ஒரு வார்த்தை கேக்கல.

ஆமா தம்பி. இது நாலாவது இல்ல, அஞ்சாவது.

எழுதிட்டீங்களா? பொண்ணுன்னுதானே? படிச்சுக் காட்ட வேணாம், குடுங்க. கையெழுத்து எங்க போடணும்?