மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்

"வண்டிக்கே இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல போலக் கீதும்மா."

காலையில் லஸ் முனையில் பேருந்துக்கு நின்றிருந்தேன். எதிரே நின்றுபோன ஆட்டோவிலிருந்து மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை இப்படிச் சொன்னான். மூவருக்கான வண்டியில் நால்வர். பின்னால் அம்மா, அக்கா, தாய்மாமன். ஓட்டுநர் சீட்டின் ஓரத்தில் அவன். வடபழனி கோயிலில் முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் என்று அம்மா புலம்பினார். எனக்கே பதற்றமாகிவிட்டது.

"பிளக்கு அடைச்சிருக்கும்பா," என்றார் மாமன்.

"நேத்துதான் மாத்தினேன் நைனா," என்றார் ஓட்டுநர்.

"பெட்ரோல் கீதா?"

"ஃபுல்லா கீது."

அக்கா எட்டிப் பார்த்தாள். "டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சியா?"

"கெளம்பறப்பவே நசுக்கினேன்க்கா."

மாப்பிள்ளை மட்டும் நிதானமாக, "வேற நாள் பாத்துக்கலாமே," என்றான்.

மாமன் இறங்கித் தள்ளினார். வண்டி நகர்ந்ததே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை. ஓட்டுநர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"மாப்ள, கால எடு!"

சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ தட்டினார். அடுத்த இழுப்பில் வண்டி உறுமியது.

"திருடன் ஓட்டிக்கினு போகக் கூடாதுன்னு நானே வெச்ச ரகசிய சுவிட்சும்மா. மாப்ள கால் பட்டு ஆஃப் ஆயிட்ச்சு."

அம்மா மகனைப் பார்த்தார். "தெரியாமத்தான் பட்டுச்சா?"

மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்தான்.

"எறங்குடா."

அம்மா முன்னால் ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னால் அக்காவுக்கும் மாமனுக்கும் நடுவில் உட்கார்ந்தான். மாமன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வண்டி முனையில் திரும்பி மறையும்வரை அவர் விடவில்லை.